பரவல் தடமறிதல்

பரவல் தடமறிதல்: வலைச் செயலிக்கு வரும் ஒரு கோரிக்கை பல சேவைகளைக் கடந்து செல்லும் பாதையையும் ஒவ்வோர் இடத்திலும் அதற்காகும் நேரத்தையும் பதிவுசெய்யும் முறை. மென்பொருளாளர் வழக்கில் டிஸ்ட்ரிபியூட்டட் டிரேசிங்.

கோரிக்கையின் முழுப் பயணம் ‘டிரேஸ்’ எனவும், அதனுள் தரவுத்தள வினவல் போன்ற தனி வேலை ‘ஸ்பான்’ எனவும் பெயர்பெறும். ஸ்பான்கள் தாய்-சேய் உறவில் கிளைக்கின்றன. அவற்றைப் பிணைப்பது, சேவைக்குச் சேவை கைமாறும் ‘டிரேஸ்பேரன்ட்’ என்னும் ஹெச்டிடிபி தலைப்பு. 16 பைட் டிரேஸ் அடையாளமும் 8 பைட் ஸ்பான் அடையாளமும் அதில் அடங்கும். இடையில் ஒரு சேவை இதை அனுப்பத் தவறினாலும் தடம் அறுந்து, ஒரே பயணம் தொடர்பற்ற இரண்டாகத் தோன்றும்.

நிறுவுவதற்குச் செயலியில் ஓப்பன்டெலிமெட்ரி நூலகத்தைச் சேர்த்து, சேவைக்குப் பெயரிட்டு, ஸ்பான்களை அவற்றைத் திரட்டும் ‘கலெக்டர்’ என்னும் நிரலுக்கு அனுப்புவர். அனுப்பும் நெறிமுறை ஜிஆர்பிசி எனில் 4317, ஹெச்டிடிபி எனில் 4318 ஆகியவை அதன் இயல்பு போர்ட்டுகள். எல்லாவற்றையும் சேமிப்பது செலவுமிக்கது என்பதால் மாதிரியெடுப்பு வழக்கம். தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்தால் அரிய பிழைகள் நழுவக்கூடும். பயணம் முடிந்தபின் தேர்ந்தெடுக்க, அதுவரை ஸ்பான்களை நினைவகத்தில் வைத்திருக்கவேண்டும்.

கூகுளின் டாப்பர் ஆய்வுரை (2010) இத்துறைக்கு அடித்தளம். ட்விட்டரில் உருவான ஜிப்கின் (2012), ஊபரில் உருவான ஜேகர் ஆகிய தடமறி கருவிகள் அதன் வழிவந்தவை. ஓப்பன்டிரேசிங், ஓப்பன்சென்சஸ் திட்டங்கள் 2019இல் ஓப்பன்டெலிமெட்ரியாக இணைந்தன.