வேட்டைக்கு ஆள் வராத ரயில் பாதை

ஃபிரெடரிக் ஃபோர்சித் 1972இல் வெளியிட்ட ‘தி ஒடெசா ஃபைல்’ நாவலில் ஹாம்பர்க் நகரத்து யூத முதியவர் ஒருவர் தற்கொலை செய்துகொள்கிறார். அவர் விட்டுச்சென்ற நாட்குறிப்பு இளம் பத்திரிகையாளர் ஒருவரின் கைக்கு வருகிறது. ரீகா வதைமுகாமை ஆட்டிப்படைத்த எட்வர்ட் ரோஷ்மன் என்ற நாஜி அதிகாரியின் பெயர் அதில் இருக்கிறது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் கதை ஓடுகிறது. ரோஷ்மன் உண்மையில் வாழ்ந்தவர். நாவல் வெளிவந்தபோது தென்அமெரிக்காவில் ஒளிந்திருந்தார். 1977இல் பராகுவேயில் இறந்தார்.

இத்தகைய கதைகளுக்கு முன்னால் நிஜமான வேட்டை நடந்திருக்கிறது. அப்பா கோவ்னர் தொடங்கிய ‘நாகாம்’ என்ற யூதப் பழிவாங்கும் குழுவினர், 1946 ஏப்ரலில் நியூரம்பர்க் அருகே சிறைப்பட்டிருந்த நாஜிப் படையினருக்கான ரொட்டியில் ஆர்சனிக் தடவினார்கள். பலர் நோயில் விழுந்தனரே தவிர யாரும் இறந்ததாகச் சான்றில்லை. 1947இல் சைமன் வீசந்தால் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நாஜிக் குற்றவாளிகளைத் தேட ஆவண மையம் திறந்தார். 1960 மே 11 அன்று யூதப் படுகொலையை ஒழுங்குசெய்த நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன் அர்ஜென்டினாவில் பிடிபட்டார். அடுத்த ஆண்டு ஜெருசலேம் நீதிமன்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் அவர் எதிரே நின்று பேசினார்கள். நாவலாசிரியர்கள் பிறகுதான் வந்தார்கள். ஆவணம், சாட்சி, வேட்டை, கதை என்பதே வரிசை.

அதே இரண்டாம் உலகப் போர் தமிழர்களையும் ஆயிரக்கணக்கில் கொன்றது. அவர்களுக்கு இந்த வரிசையின் முதல் படியே கிடைக்கவில்லை.

சயாம் எனப்பட்ட தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியப் படை 1942இல் தொடங்கிய 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை 1943 அக்டோபர் 17 அன்று முடிந்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். சுமார் 12,000 பேர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர் தொகை இரண்டு லட்சத்தை ஒட்டியது. இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. மலாயாவிலிருந்து போன சுமார் 75,000 பேரில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். கங்காணிகள் கப்பலேற்றிக் கொண்டுபோன குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் அடங்கிய அன்றைய ராமநாதபுரம் மாவட்டமும் கடல்கடந்து கூலிக்கு ஆள் போன பூமிதான்.

மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லி ஜப்பானியர் முதலில் அழைத்தார்கள். ஆள் குறைந்ததும் லாரியோடு தோட்டத்துக்குள் வந்தார்கள். போர்க்கைதிகளின் முகாமில் அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், பெயரேடு இருந்தது, இறந்தவனைப் புதைத்து எண் போடத் தோழன் இருந்தான். தமிழர் லயங்களில் இவை எதுவும் கிடையாது. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது செத்தவர்களைப் பள்ளத்தில் தள்ளினார்கள், எரித்தார்கள். பாதை சென்ற தாய்லாந்தின் காஞ்சனபுரியில், போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரிசையாகத் துயில்கிறார்கள். தமிழருக்கு அந்த ஊரில் ஒரு நடுகல் எழும்பியது 2023இல்தான், அதுவும் மலேசிய, தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியால்.

போர் முடிந்ததும் இந்தப் பாதையில் நடந்த கொடுமைகளுக்காக ஜப்பானியரும் கொரியருமாக 111 பேர் விசாரிக்கப்பட்டார்கள். 32 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அந்த வழக்குகளைத் தாங்கி நின்றவை பெரும்பாலும் வெள்ளைக்காரக் கைதிகளின் வாக்குமூலங்களே. தோட்டத்துக்குத் திரும்பிய தமிழர், தம்மை அடித்தவனின் பெயரைக்கூட அறியாதவர். தேடி வந்து கேட்கவும் ஆளில்லை.

மலாயாப் படையெடுப்புக்குத் திட்டம் வகுத்தவர்களில் ஒருவரும், சிங்கப்பூர்ச் சீனர் படுகொலையில் பெரும்பங்கு உடையவருமான மசனோபு சுஜி தப்பிய விதம் எந்தத் திகில் நாவலுக்கும் குறைந்ததல்ல. பாங்காக்கில் புத்த பிக்கு வேடம் பூண்டு மறைந்தார். 1948இல் ஜப்பான் திரும்பினார். தலைமறைவு வாழ்வை 1950இல் புத்தகமாக்கினார், 1952இல் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். 1961இல் லாவோசில் காணாமல் போகும் வரை அவரைக் கூண்டில் ஏற்ற ஒரு வீசந்தால் வரவில்லை.

இந்தியர்களுக்குப் பழிவாங்கத் தெரியாது என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து 21 ஆண்டுகள் கழித்து, 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் ஹாலில் அப்போது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்த மைக்கேல் ஓ’டயரைச் சுட்டவர் உத்தம் சிங். அவருக்கு எதிரியின் பெயரும் தெரியும், முகவரியும் தெரியும். சயாம் பாதைத் தமிழனுக்கு எதிரி யார் என்பதே குழம்பிக் கிடந்தது. தண்டவாளம் இணைந்த நான்காம் நாள், 1943 அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூரில் நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். தோட்டத் தமிழர் பலர் அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் நம்பிக்கையோடு சேர்ந்தார்கள். அதன் ஜான்சி ராணிப் படைப் பெண்கள் பர்மாவுக்குப் போனதும் அதே இருப்புப்பாதை வழியாகத்தான். அண்ணன் செத்த பாதையில் தம்பி சுதந்திரப் போருக்குப் போயிருக்கக்கூடிய காலம் அது. துணைநின்ற ஜப்பானும் கொன்ற ஜப்பானும் ஒன்றே என்று உரக்கச் சொல்ல, விடுதலை பெற்ற இந்தியா விரும்பவில்லை. ஜப்பானியத் தலைவர்கள் மீதான டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் அனைவரும் குற்றமற்றவர்கள் என்று தனித் தீர்ப்பு எழுதியவர் இந்திய நீதிபதி ராதாபினோத் பால். 1952 ஜூன் 9 அன்று கையெழுத்தான இந்திய-ஜப்பான் ஒப்பந்தத்தில் போர் இழப்பீட்டையும் இந்தியா கைவிட்டது. பாலுக்கு 2005இல், போரில் இறந்த ஜப்பானியருக்கான டோக்கியோவின் யசுகுனி ஆலய வளாகத்தில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. சயாம் பாதையில் ஓடிய சி5631 என்ஜினும் அதே வளாகத்து அருங்காட்சியகத்தில்தான் நிற்கிறது.

பியர் பூலின் நாவலிலிருந்து 1957இல் எடுக்கப்பட்ட ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ உலகெங்கும் ஓடியது. பாலம் கட்டுபவர்களாக அது காட்டியது பிரிட்டிஷ் கைதிகளை. பழி தீர்க்கும் கதையும் பிரிட்டிஷ்காரருக்கே வாய்த்தது. காஞ்சனபுரியில் வதைபட்ட எரிக் லோமாக்ஸ், அப்போது மொழிபெயர்ப்பாளராக நின்ற நாகசே தகாஷியைப் பல ஆண்டுகள் மனத்துக்குள் கறுவிக்கொண்டிருந்தார். 1993இல் நேரில் சந்தித்து மன்னித்தார். மன்னிக்கவும் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. மலேசியத் தமிழில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் வந்தன. தொழிலாளர் பட்ட பாடே இவற்றின் பொருள்.

ஆய்வாளர்களுக்குத் தமிழ்நாட்டிலும் வேலை மிச்சம் இருக்கிறது. மலாயா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து கடிதமும் பணமும் நின்றுபோயின. 1945க்குப் பிறகும் தகவல் வராத உறவினர்கள் யார் என்பதை, பழைய ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்களில் வீடு வீடாகக் கேட்டு, தோட்டங்களில் எஞ்சியுள்ள பேரேடுகளோடு ஒப்பிட்டுப் பட்டியல் எடுக்கலாம். கேட்டால் சொல்லக்கூடிய தலைமுறை இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது.