தலைப்பு மறந்த படக்கதை: காற்றில் மிதந்த இரும்புக்கை

சிறுவயதில் பார்த்துப் பயந்த படக்கதையின் பெயர் மறந்துபோய், ஒரே ஒரு படம் மட்டும் மனத்தில் தங்கியிருப்பது பலருக்கும் உள்ள அனுபவம். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள கூமாப்பட்டி, வத்திராயிருப்பு போன்ற ஊர்களில் என் வயதினரிடம் பேச்சுக் கொடுத்தால், பெரும்பாலும் இரண்டு படங்களில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளோடு இருட்டில் நடக்கும் அரசன். மற்றொன்று, உடம்பே இல்லாமல் காற்றில் நகர்ந்து வரும் ஒரு கை.

முதல் படத்தைக் கண்டுபிடிப்பது எளிது. அது அம்புலிமாமா. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய மாத இதழ் அது. விக்கிரமாதித்தன், வேதாளம் படத்தால் புகழ்பெற்ற ஓவியர் சங்கர், இயற்பெயர் கே. சி. சிவசங்கரன், 1952இல் அங்குச் சேர்ந்தார், 2020இல் மறைந்தார். காஷ்மீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் தொகுத்த கதாசரித்சாகரத்தில் வேதாளக் கதைகள் இருபத்தைந்துதான். அம்புலிமாமா அதோடு நிற்காமல் பல நூறு கதைகளை வேதாளத்தின் வாயிலிருந்து சொல்லவைத்தது. ஆகவே படம் தெரிந்தாலும், எந்த மாதத்து இதழ் என்று கண்டுபிடிக்கக் கதையும் நினைவிருக்க வேண்டும்.

கைதான் சிக்கலானது.

சிவகாசியில் பிறந்த மாயாவி

அந்தக் கை முத்து காமிக்ஸ் வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி'யின் கை. சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு அதுவே, ஆண்டு 1972. தொடக்க காலத்தில் ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களுக்காகவும் காலண்டருக்காகவும் வளர்ந்த அச்சகங்கள் நிறைந்த ஊரிலிருந்து இப்படி ஒரு வெளியீடு வந்ததில் வியப்பில்லை. விருதுநகர் மாவட்டம் 1985இல்தான் உருவானது. அன்று சிவகாசியும் கூமாப்பட்டியும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. நம் பக்கத்துச் சிறுவர்கள் எங்கோ சீமையிலிருந்து வந்த புத்தகம் என்று நினைத்துப் பயந்தது, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்த ஊரில் அச்சான புத்தகத்தைப் பார்த்து!

ஆனால் கதை சீமையிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் 1962இல் தொடங்கிய படக்கதை அது. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வக உதவியாளர் லூயிஸ் கிராண்டேல், உயர் அழுத்த மின்சாரம் தாக்கியதும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார். இரும்பு மட்டும் மறைவதில்லை. கறுப்பு மையால் அடர்த்தியாக நிழலிட்டு வரையும் பிளாஸ்கோவின் முறை இந்தக் கதைக்கென்றே அமைந்தது போலிருக்கும். வெறுமையான அறையில் ஒரு கை மட்டும் கதவுக் கைப்பிடியைத் திருகுகிறது என்றால் பத்து வயதுப் பிள்ளை பயப்படாமல் என்ன செய்யும்? மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பயம் இருந்திருக்கும்.

தேடுவோர்க்கு இதில் ஒரு தடயம் உண்டு. மாயாவி தொடக்கக் கதையில் குற்றவாளி. பிறகுதான் நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் உளவாளியாகிறார். உங்கள் நினைவில் அந்தக் கை அச்சமூட்டும் தீயவனின் கை என்றால் ஆரம்பக் கதையையும், காப்பாற்ற வரும் கை என்றால் பிந்தைய கதைகளையும் தேட வேண்டும்.

பெயர் செய்யும் குழப்பம்

'மாயாவி' என்ற சொல்லை மட்டும் வைத்துத் தேடுவது வீண். 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸில் பின்னாளில் வந்த மாயாவி வேறு ஆள்: முகமூடியும் மண்டையோட்டு மோதிரமும் அணிந்த, அமெரிக்கப் படக்கதை நாயகன். இரும்புக்கை மாயாவியோ பலமுறை மறுபதிப்புக் கண்டவர். எனவே படித்த ஆண்டு வேறு, முதலில் அச்சான ஆண்டு வேறாக இருக்கலாம். எடுத்துக்காட்டாக, 1972க்கு முன்பே தமிழ் முத்து காமிக்ஸ் படித்ததாக ஒருவர் சொன்னால் அது நினைவின் பிழை என்று உறுதியாகக் கூறலாம்.

தலைப்பு மறந்துபோவதற்கு நினைவை மட்டும் குறைசொல்ல முடியாது. கைமாறிக் கைமாறி வந்த புத்தகத்தில் முதலில் போவது அட்டை. அடுத்து முதல் தாளும் கடைசித் தாளும். தலைப்பு, பதிப்பகம், விலை எல்லாம் இருந்த இடங்கள் அவைதாம். நடுப்பக்கங்களைப் படித்தவர்களுக்குக் கை மட்டும் மிஞ்சியது.

நூலகங்களின் நிலையும் இதற்குத் துணைசெய்யவில்லை. வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைச் சென்னை கன்னிமாரா நூலகம் போன்றவற்றுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆயினும் காமிக்ஸைப் புத்தகமாகவே மதிக்காத காலம் அது. பள்ளிகளில் அது பறிமுதலுக்கு உரிய பொருள். வீட்டில் பழைய பேப்பர்காரருக்கு எடை போடும் பொருள். பாடநூலுக்குக் கொடுத்த மரியாதையில் கால்பங்கை இதற்கும் கொடுத்திருந்தால் இன்று தேடல் இவ்வளவு கடினமாகியிராது என்பது என் கருத்து.

மிஞ்சியவை பெரும்பாலும் சேகரிப்பாளர்களிடமும், ஐந்தாறு புத்தகங்களைச் சேர்த்து பைண்டு செய்த வீட்டுத் தொகுப்புகளிலும்தான் கிடைக்கின்றன. அத்தகைய தொகுப்பு பரணில் கிடைத்தால், தாள் உதிர்வதற்குள் ஒவ்வொரு கதையின் முதல் பக்கத்தையும், அச்சகத்தின் பெயர் உள்ள வரியையும் படமெடுத்து வைப்பது நல்லது. அட்டை இல்லாத படிகளில் பெரும்பாலும் அந்த ஒரு வரியே ஆண்டைக் காட்டிக்கொடுக்கும்.