காலியா கப்பலும் ஞாயிறு விடுமுறையும்



பொங்கலூருக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஆனாலும் நம் பகுதியில் தைத்து, அயர்ன் செய்து, பெட்டியில் அடுக்குகிற பனியன்கள் கண்டெய்னர் ஏறித் தூத்துக்குடிக்குப் போகின்றன. அந்தத் துறைமுகத்துக்கு 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயர். அவர் கப்பல் ஓட்டினார் என்று நாம் எல்லாரும் பள்ளியில் படித்தோம். அந்தக் கப்பல் கடைசியில் என்ன ஆனது என்று அதிகம் பேசுவதில்லை.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் கொடுத்தார். முதலில் ஓடியவை வாடகைக் கப்பல்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நெருக்கடியால் அவை கைநழுவிப் போயின. வ.உ.சி. பம்பாய்க்குப் போய் அலைந்தார். 1907 மே மாதம் 'காலியா' என்ற நீராவிக் கப்பல் தூத்துக்குடியில் வந்து நின்றது, பிறகு 'லாவோ'. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,300 சாதாரண வகுப்புப் பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்கையும் கொழும்புக்குச் சுமக்கக்கூடியது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பார்கள். குடை வாங்கியவர்களைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஏழைக்கு மழையும் வெயிலும் உண்மைதானே!

கப்பலோடு நின்றிருந்தால் அவரை விட்டிருப்பார்களோ என்னவோ. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்பாலை அது, சிறுவர்களும் அங்கே வேலை செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, இவற்றோடு அவர்கள் கேட்ட இன்னொன்று ஞாயிறு விடுமுறை. ஏறக்குறைய பத்து நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தம் சுற்றுமடலில் தொழிலாளருக்கு ஞாயிறு ஓய்வு வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தார். தூத்துக்குடித் தொழிலாளர்கள் அதைப் படித்துவிட்டுக் கேட்கவில்லை. உடம்பு சொன்னதைக் கேட்டார்கள். இன்று ஷிப்மெண்ட் நெருக்கினால் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறும் வேலைநாள்தான். திருப்பலிக்கு வராதவர்களைக் கண்டிப்பது எளிது. ஆனால் இணைச்சட்ட நூலில் ஓய்வுநாள் கட்டளை வேலை வாங்குகிறவரையே நோக்குகிறது: உன்னைப் போலவே உன் பணியாளும் ஓய்வு பெறட்டும், நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தவனே என்கிறது.

மில்லில் வெற்றி கிடைத்த சில நாளில், மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைதானார். ஜூலையில் விதித்த தண்டனை மொத்தம் நாற்பது ஆண்டு. மேல்முறையீட்டில் அது ஆறாகக் குறைந்தது. நமக்குப் பக்கத்திலுள்ள கோயம்புத்தூர் சிறையில்தான் அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கு இப்போது சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது.

நடத்த ஆளில்லாமல் கம்பெனி தளர்ந்தது, 1911-இல் கலைக்கப்பட்டது. காலியா விற்பனைக்கு வந்தது. வாங்கியது அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. வ.உ.சி. அப்போது கண்ணூர் சிறையில் இருந்தார்.