ஊர்க்கொடையிலிருந்து நிறுவனப் பொறுப்புக்கு: இரும்பை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலைக்கு அருகில் உள்ளது இரும்பை. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் இவ்வூரின் அடையாளம். 1968 பிப்ரவரி 28இல் அருகே ஆரோவில் தொடங்கப்பட்டபின், சுற்றுக் கிராமக் குழந்தைகளுக்கெனச் சில பள்ளிகள் உருவாயின. ஏழைக் குழந்தையின் படிப்புக்குத் தமிழகத்தில் யார், எப்படிப் பொருள் கொடுத்தார்கள் என்ற நீண்ட வரலாற்றில் வைத்துப் பார்த்தால்தான் அப்பள்ளிகளின் அனுபவம் துலங்கும்.

ஊரார் கொடுத்த காலம்

தொடக்கத்தில் கல்விக்கொடை தனிமனிதர் அறமாக இருந்தது. வணிகத்தில் பொருள் சேர்த்த பச்சையப்பரின் அறக்கொடையால் 1842இல் சென்னையில் பள்ளி தொடங்கியது. அடுத்த பெரிய திருப்பம் காமராசர் ஆட்சியில் வந்தது. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் முதலில் மக்கள் நன்கொடையை நம்பியே நடந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலம், கட்டடம், பலகை, நாற்காலி எனத் தந்தார்கள். கொடுத்தவரின் பிள்ளையும் கூலிக்காரரின் பிள்ளையும் அதே பள்ளியில் படித்ததால், கொடை என்ன ஆயிற்று என்பதை ஊரே கண்காணித்தது.

சட்டம் வந்த காலம்

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிக்குச் செலவிட வேண்டும். ஏழாவது அட்டவணை கல்வியையும் அப்பணிகளில் சேர்த்திருக்கிறது. இதனால் தொண்டு அமைப்புகளுக்கு ஒரு நிலையான வருவாய் வழி திறந்தது. 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இப்பணத்தை அரசுப் பள்ளிகளுக்கும் திருப்பியது.

ஆனால் சட்டத்திலும் அதன் விதிகளிலும் இரண்டு இடைவெளிகள் உள்ளன. முதலாவது, நிறுவனம் தான் இயங்கும் பகுதிக்கே முன்னுரிமை தர வேண்டும் என்கிறது சட்டம். பெருந்தொழிற்சாலைகள் குறைந்த பகுதிகளுக்கு இது பாதகம். இரண்டாவது, தொடர் திட்டம் என்பது தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. ஒரு குழந்தையின் பள்ளிப் படிப்போ பன்னிரண்டு ஆண்டு.

இரும்பை வட்டாரம் காட்டும் வழி

இரும்பைக்கு அருகே, இடையஞ்சாவடியில் உள்ள உதவி பள்ளியிலும் ஆரோவில் பகுதியின் இசை அம்பலம் பள்ளியிலும் வேறொரு முறை வளர்ந்தது. ஆரா ஆரோ டிசைன் என்னும் மின்னணு வடிவமைப்பு நிறுவனத்தின் பொறியாளர்கள் தாங்களே குழந்தைகளிடம் வந்தார்கள். கணிதமும் மின்னணுவியலும் ஸ்க்ராட்ச் நிரலாக்கமும் அங்கே கற்பிக்கப்பட்டன. என்ன கற்பது என்ற இலக்கைக் குழந்தையே தீர்மானிக்கும். விளையாட்டை நிரலாக எழுதிப் பார்த்தே கணக்கின் கருத்தை அது பிடித்துக்கொள்ளும். பின்னர் கிராமத்து இளைஞர்களும் கற்பிப்போராகச் சேர்ந்தனர்.

இங்கே நிறுவனம் தந்த முதன்மையான பொருள் நேரம். ஆனால், ஊழியரின் தன்னார்வ உழைப்பைப் பண மதிப்பாக்கிச் சமூகப் பொறுப்புச் செலவில் சேர்க்க முடியாது என்று 2016 ஜனவரியில் மத்திய நிறுவன விவகார அமைச்சகம் தெளிவுபடுத்தியது. போலிக் கணக்கைத் தடுக்க அது தேவையே. எனினும், குழந்தைக்கு அதிகம் பயன்பட்ட உதவி ஏட்டில் இடம்பெறாமல் போகிறது.

இதே மாவட்டத்தில், மரக்காணம் பகுதியின் முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபர் 27இல் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கப்பட்டது. ஊர்த் தன்னார்வலரே அதன் ஆசிரியர். உள்ளூர் மனிதரை நம்பியதே இரண்டு முயற்சிகளுக்கும் பொதுவான வலிமை.

முடிவுரை

ஊர்க்கொடையில் நெருக்கம் இருந்தது, நிதி நிலைக்கவில்லை. சட்டக்கொடையில் நிதி உண்டு, நெருக்கம் குறைந்தது. இரண்டையும் இணைக்க, கல்விக்கான தொடர் திட்டங்களின் கால வரம்பை நீட்ட வேண்டும்; உள்ளூர்க் கற்பிப்போரின் ஊதியத்துக்கு நிறுவனங்கள் முன்னுரிமை தர வேண்டும்; ஊழியர் தந்த நேரத்தை, செலவில் சேர்க்காவிட்டாலும், ஆண்டறிக்கையில் பதிவு செய்யவேண்டும். நான்காம் வகுப்பில் கைகொடுத்த நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்பு வரை கூட வந்தால்தான் அது கல்வி உதவி.