முன்பணக் கணக்கு

எங்கள் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பெருவிரல் ரேகைதான். வேடசந்தூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைத்த சேரி எங்களுடையது. மழை பொய்த்த ஒரு வருசம், மேஸ்திரி நீட்டிய முன்பணத்துக்கு விரலை வைத்துவிட்டுக் குடும்பத்தோடு தேயிலைக் காட்டுக்கு மலையேறினார். போனது நாலு பேர். திரும்பியது ரெண்டு பேர். "கடன் கழியலன்னே சொன்னான்யா. எம்புட்டுக் கடன்னு கடைசிவரைக்கும் சொல்லல" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

அவர் பேசாததை நான் ஒரு நாவலில்தான் படித்தேன். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ'. இரா.முருகவேள் தமிழாக்கத்தில் 'எரியும் பனிக்காடு' என்று 2007இல் வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போகும் கருப்பனும் வள்ளியும் குளிரிலும் காய்ச்சலிலும் கிடந்து உழைக்கிறார்கள். வருசக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிச்சம். இது ஒரு மேஸ்திரியின் கெட்ட புத்தி மட்டுமல்ல. முன்பணம் வாங்கிவிட்டு வேலை செய்யாதவனைச் சிறைக்கு அனுப்ப வெள்ளைக்கார அரசு 1859இலேயே சட்டம் போட்டிருந்தது. 1920களில்தான் அது நீங்கியது. சட்டம் போனது, கடன் போகவில்லை.

மலையிலிருந்து திரும்பிய தாத்தா திண்டுக்கல்லில் தோல் ஷாப்புக்குப் போனார். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றதில் கால் விரலெல்லாம் வெந்துபோயிருக்கும். அந்த வாழ்க்கையை டி.செல்வராஜ் 'தோல்' (2010) நாவலில் எழுதினார். திண்டுக்கல்லிலேயே வக்கீலாக இருந்தவர். 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மருத்துவரும் வக்கீலும் எங்களுக்காக எழுதியதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் அமெரிக்காவில் தோமாஸ் ரிவேராவின் கதை வேறு. டெக்சாஸில் மெக்சிகோ வம்சாவளிக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, பெற்றோரோடு வயல் வயலாக அலைந்தவர். 1971இல் வந்த அவர் நாவலில், மாட்டுத் தொட்டியில் தண்ணீர் குடிக்கப் போன சிறுவனை முதலாளி சுட்டுவிடுகிறான். மிரட்டத்தான் சுட்டானாம், பையன் செத்தான். ஊர்க் கிணற்றில் வாளி போட்டதற்கு அடிபட்டவர்களுக்கு அந்தப் பக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாக்கு வறண்டவன் எழுதிய பக்கம் அது.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. தாத்தா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் ரேகை எந்தத் தோட்டத்துப் பேரேட்டில் கிடக்கிறதோ! அந்தப் பேரேடு முதலாளியின் கணக்கு. நம் கணக்கு நம் கிழவிகளின் வாயில் இருக்கிறது. மலையில் விட்டுவந்த பிள்ளைகளின் பேரைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் மிச்சம் இருக்கிறார்கள். அவர்கள் திண்ணையில் போய் உட்காருங்கள். கேட்டு எழுதுங்கள்.