டவுன்லோட்ஸ் ஏன் சீ டிரைவில் கிடக்கிறது?



பழைய காணி உறுதி, நிக்காஹ் பதிவு, மன்னாரில் விட்டுவந்த வீட்டின் போட்டோ என்று எத்தனையோ இப்போது நமக்கு வட்ஸ்அப்பில் வருகின்றன. கொம்பியூட்டரில் இறக்கிக்கொள்கிறோம். எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. போவது டவுன்லோட்ஸ் கோப்புறைக்கு. அது இருப்பது சீ டிரைவில்.

1981இல் ஐபிஎம் விற்ற முதல் பீசீயில் ஹார்ட் டிஸ்க் இல்லை. பிளொப்பி போடும் இடம் ஒன்றோ இரண்டோ இருந்தது. அவற்றுக்கு ஏ, பீ என்று பெயர். 1983இல் எக்ஸ்டீ என்ற மாதிரி 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தபோது அடுத்த எழுத்தான சீ அதற்குக் கிடைத்தது. (இன்றைய போனில் எடுக்கும் நாலைந்து போட்டோவிலேயே அந்த டிஸ்க் நிறைந்துவிடும்.) பிளொப்பி ஒழிந்தது, எழுத்து நிலைத்தது. விண்டோஸும் சீயிலேயே குடியேறியது. 2007இல் விஸ்டா வந்தபோது டவுன்லோட்ஸ் கோப்புறையையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டார்கள். விண்டோஸ் பழுதானால் கடையில் சீயைத்தான் போர்மட் செய்வார்கள். டீ தப்பும், டவுன்லோட்ஸ் போய்விடும்.

ஒரே இடத்தில் இருந்த எழுத்து ஒரே நாளில் போவது நம் கரையோடு தொடர்புள்ள பழைய கதைதான். 1344இல் புத்தளத்தில் இறங்கி, ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தாளியாகி, பாவா ஆதம் மலைக்குப் போனாரே இப்னு பதூதா, அவரைத்தான் சொல்கிறோம். மன்னர் கொடுத்த மணிக்கற்களைப் பிறகு இந்தியாவின் மேற்குக் கடலில் கொள்ளையர் பறித்தார்கள். அதைப் பலரும் அறிவோம். புகாராவில் உலமாக்களின் கப்றுகளில் இருந்து அவர் எழுதியெடுத்த குறிப்புகளும் கடற்கொள்ளையில்தான் போயின. வேறு பிரதி இருக்கவில்லை. அதனால் 1355இல் பெஸ் நகரில் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதி முடித்த பயண நூலில் அந்தக் கப்றுகளின் வாசகங்கள் இல்லை.

1990 ஒக்டோபர் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்தது இரண்டு மணி நேரம். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் வந்தவர்கள், "இது என் காணி, நான் இன்ன ஊரவன்" என்று காட்டப் பட்ட பாட்டை நம் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று மடியில் கட்டி வந்த காகிதங்களைத்தான் இன்று பிள்ளைகள் ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். அதைக் கொண்டுபோய் நாம் சீயில் போடுகிறோம்.

மாற்றுவது ஐந்து நிமிட வேலை. முதலில் டீயைத் திறந்து அதற்குள் டவுன்லோட்ஸ் என்று ஒரு கோப்புறை உண்டாக்குங்கள். டீயையே நேராகக் காட்டிவிட்டால் முழு டிரைவும் டவுன்லோட்ஸாகிவிடும், திருப்புவது பெரும்பாடு. பிறகு பழைய டவுன்லோட்ஸில் வலது கிளிக், புரொப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். புதிய கோப்புறையைக் காட்டி அப்ளை கொடுங்கள். பழைய கோப்புகளையும் நகர்த்தவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். குரோமில் செட்டிங்ஸ் போய் டவுன்லோட்ஸ் இடத்தையும் பார்த்துவிடுங்கள், அது பழைய இடத்தையே பிடித்துக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்று. பல லெப்டொப்களில் சீயும் டீயும் ஒரே டிஸ்கை இரண்டாகப் பிரித்தவைதான். போர்மட்டுக்கு டீ தப்பும். டிஸ்க்கே செத்தால் இரண்டும் சேர்ந்து போகும். ஆகவே உறுதி, பதிவு, பழைய போட்டோ இவற்றுக்கு வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி, முடிந்தால் வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலும் ஒன்று. கோப்பின் பெயரில் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். வட்ஸ்அப் வைக்கும் எண் பெயரை வைத்து பத்து வருடம் கழித்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

செய்யத் தெரியாதவர்கள் மஃரிபுக்குப் பிறகு லெப்டொப்பைக் கொண்டுவாருங்கள், செய்து தருகிறோம். சார்ஜரையும் மறக்காமல்.