எல்லைகளும் கசிவுகளும்

2016ம் வருஷம் ஜனவரி 6ந் தேதி லாஸ் வேகஸ் நகரில் நடந்த மின்சாதனக் கண்காட்சியில், நெட்ஃப்ளிக்ஸ் கம்பெனியின் தலைமை நிர்வாகி ரீட் ஹேஸ்டிங்ஸ், தாம் மேடையில் பேசிக்கொண்டிருந்த நேரத்திலேயே தமது டெலிவிஷன் சேவை புதிதாக 130 நாடுகளில் திறந்துவிடப்பட்டதாக அறிவித்தார். இந்தியாவும் அவற்றில் ஒன்று. சீனாவும் வேறு சில இடங்களும் நீங்கலாக, உலகம் முழுவதற்கும் ஒரே டெலிவிஷன் வந்துவிட்டது என்பது அறிவிப்பின் தொனி. எட்டு நாட்கள் கழித்து, 14ந் தேதி, அதே கம்பெனி இன்னொன்றையும் அறிவித்தது. ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு வேறு நாட்டில் இருப்பதுபோல் முகவரியை மாற்றிக் காட்டிப் படம் பார்க்கிற சந்தாதாரர்கள் இனிமேல் தடுக்கப்படுவார்கள்.

இவ்விரண்டும் முரணானவை போலத் தோன்றும். ஆனால் கலைப் பொருள்களின் வியாபாரத்தில் உலகமயமாவதும் வேலி போடுவதும் எப்போதும் ஒரே காரியத்தின் இரு கைகளாகத்தான் இருந்திருக்கின்றன. புதியது எது என்றால், வேலி முதன்முறையாகக் கசியாமல் நிற்கத் தொடங்கியிருப்பதுதான். கசிவு என்பது சட்டத்தின் பார்வையில் ஒழுக்கக்கேடு. கலாசாரத்தின் சரித்திரத்திலோ அதற்கு வேறொரு இடம் உண்டு. அந்த இடத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

எல்லை என்பது முதலில் புத்தகத்தின் மீது விழுந்தது. 1886ல் ஏற்பட்ட பெர்ன் உடன்படிக்கை ஆசிரியனின் உரிமையைத் தேசங்கள் தாண்டிக் காப்பாற்றியது. ஆனால் உலகுக்கெல்லாம் பொதுவான ஒரே உரிமையை அது சிருஷ்டிக்கவில்லை. உறுப்பு நாடு ஒவ்வொன்றும் தன் சட்டப்படி அயல்நாட்டு ஆசிரியனையும் காப்பாற்ற வேண்டும் என்றுதான் சொன்னது. ஆக, எத்தனை நாடுகளோ அத்தனை உரிமைகள். உரிமையைத் துண்டுபோட்டு விற்கலாம் என்பது இதிலிருந்து தானாகவே கிடைத்த வசதி. 1947ல் பிரிட்டிஷ் பிரசுரகர்த்தர்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அமெரிக்கப் புத்தகம் ஒன்றின் உரிமையை வாங்குவதானால், பழைய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 70 நாடுகளின் உரிமையையும் சேர்த்தே வாங்குவது, இல்லையேல் வாங்குவதில்லை. இந்தியா சுதந்திரமடைந்த அதே வருஷத்தில், நமது ஆங்கில வாசகன் எந்தப் பதிப்பைப் படிக்க வேண்டும் என்பது லண்டனில் நிச்சயமாயிற்று. அமெரிக்க அரசு தொடர்ந்த வழக்கின் முடிவில் 1976ல்தான் இந்த ஏற்பாடு கலைந்தது.

இருந்தும் புத்தகத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. விற்றுவிட்டால் அது வாங்கியவனுடையது. பெட்டியில் வைத்து எடுத்துவரலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம், நடைபாதைக் கடையில் பாதி விலைக்குப் போடலாம். இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டுமே விற்பனைக்கு என்று அட்டையில் அச்சடித்த மலிவுப் பதிப்புகள் நமக்குப் பழக்கமானவை. இம்மாதிரி ஆசியப் பதிப்புகளைச் சொந்தக்காரர்கள் மூலம் தருவித்து அமெரிக்காவில் விற்ற தாய்லாந்து மாணவர் ஒருவர் மீது ஒரு பிரசுரகர்த்தர் வழக்குப் போட்டார். 2013ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. முறைப்படி தயாரான பிரதியை ஒருமுறை விற்றாகிவிட்டால், அது எந்த நாட்டில் அச்சானதாக இருந்தாலும், அதன் பிற்காலப் பயணத்தைக் கட்டுப்படுத்தும் உரிமை விற்றவனுக்கு இல்லை.

சினிமாவில் இந்த நல்ல குணம் கிடையாது. படத்தை யாரும் வாங்குவதில்லை. பார்க்கும் அனுமதியை வாங்குகிறோம். அதனால் சினிமா வியாபாரம் ஆரம்பத்திலிருந்தே நிலப்பரப்பின் வியாபாரம். தமிழ்ப் படத்தை மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சாவூர், திருநெல்வேலி-கன்னியாகுமரி என்று ஏரியா பிரித்து விற்ற நமது விநியோகஸ்தர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நிலத்தைப் பிரித்துக்கொண்டவர்களுக்கு அலை ஒரு தொந்தரவாக வந்து சேர்ந்தது. அலைக்குச் சுங்கச்சாவடி கிடையாது. விளம்பரத்துக்கு இடம் தராத பி.பி.சி.யை விட்டுவிட்டு, 1933 முதல் பிரிட்டிஷ் நேயர்கள் லக்ஸம்பர்க் வானொலியைக் கேட்டார்கள். நமக்கு இலங்கை. 1952ல் மந்திரி கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, நேயர்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957ல் விவிதபாரதி பிறந்ததற்கு இந்தக் கசிவு ஒரு முக்கியக் காரணம். 1982ல் ரூபவாஹினி தொடங்கியபோது தென்கோடிக் கடற்கரை ஊர்களில் நீண்ட கம்பங்களில் ஏறிய ஆன்டெனாக்கள் தெற்கே பார்த்து நின்றதும் அதே சரித்திரத்தின் தொடர்ச்சி.

இந்த அலைக்கும் வேலிக்குமான தகராறு ஐரோப்பாவில் கோர்ட்டுக்குப் போனது ஒரு நல்ல படத்தை முன்னிட்டு. க்ளோத் ஷப்ரோலின் 'ல பூஷே' படத்துக்கு பெல்ஜியத்தில் ஏழு வருஷ உரிமையை சினே வோக் என்ற விநியோக ஸ்தாபனம் வாங்கியிருந்தது. படம் 1970 மே மாதம் பிரஸ்ஸல்ஸில் வெளியாயிற்று. முதல் காட்சியிலிருந்து 40 மாதங்கள் கழித்துத்தான் அங்கே டெலிவிஷனில் காட்டலாம் என்பது நிபந்தனை. ஆனால் 1971 ஜனவரி 5ந் தேதி ஜெர்மன் டெலிவிஷன் தனது நாட்டு உரிமையின்படி படத்தை ஒளிபரப்பியது. பெல்ஜியத்தின் கேபிள் கம்பெனியான கோடிடெல் அந்த அலையைப் பிடித்துத் தன் சந்தாதாரர்களுக்கு அனுப்பிவிட்டது. வழக்கு நடந்து, 1980 மார்ச் 18ந் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் விநியோகஸ்தர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பின் உள்ளர்த்தம் கவனிக்கத்தக்கது. புத்தகம் பிரதியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சினிமாவோ திரும்பத் திரும்ப நிகழ்த்தப்படுகிற காட்சி. ஒவ்வொரு நிகழ்த்தலுக்கும் கட்டணம் கேட்பது உரிமையின் சாரம். எனவே அதைத் தேச எல்லைப்படி பிரித்துக் கொடுப்பது நியாயமே. பொதுச் சந்தை என்ற பெயரில் சுங்கச் சுவர்களை இடித்துக்கொண்டிருந்த ஐரோப்பா, படத்துக்கு மட்டும் சுவரை அப்படியே விட்டுவைத்தது.

அடுத்த முயற்சி சுவரைப் பொருளுக்குள்ளேயே வைப்பது. 1990களின் பிற்பகுதியில் வந்த டி.வி.டி. தட்டு உலகை ஆறு மண்டலங்களாகப் பிரித்தது. அமெரிக்காவும் கனடாவும் 1, மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் 2, தென்கிழக்கு ஆசியா 3, ஆஸ்திரேலியாவும் தென் அமெரிக்காவும் 4, ரஷ்யாவும் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் நாமும் 5, சீனா 6. இந்தக் கணக்கின்படி டொரொன்டோ, லண்டன், சிங்கப்பூர், சென்னை ஆகிய நான்கு ஊர்த் தமிழர்களும் நான்கு வேறு உலகங்களில் வசித்தார்கள். சாம்ராஜ்யங்கள்கூட இவ்வளவு நேர்த்தியாகப் பிரிக்கவில்லை. ஆனால் இந்தச் சுவரும் கசிந்தது. ரிமோட்டில் சில எண்களைத் தட்டினால் எல்லா மண்டலத் தட்டுகளையும் ஓட்டுகிற மலிவான கருவிகள் வந்தன. சென்னையில் பர்மா பஜாரின் கள்ளத் தட்டுகள் மண்டலம் என்ற ஒன்றையே அறியவில்லை. பெர்க்மனையும் தார்க்கோவ்ஸ்கியையும் தமிழ்நாட்டின் ஒரு தலைமுறை அந்தக் கடைகளில்தான் சந்தித்தது.

இணையம் இந்தச் சரித்திரத்தை முடித்துவைக்கும் என்று நம்பியவர்கள் உண்டு. 1996 பிப்ரவரி 8ந் தேதி, பாடலாசிரியரான ஜான் பெர்ரி பார்லோ, ராஜ்யங்களின் அதிகாரம் செல்லாத வெளி ஒன்று பிறந்துவிட்டதாக டாவோஸிலிருந்து பிரகடனம் செய்தார். சரியாக நான்கு வருஷம் கழித்து, 2000 பிப்ரவரி 8ந் தேதி, அமெரிக்காவில் பிட்ஸ்பர்கின் ஒரு நீதிமன்றம் ஐகிரேவ் டி.வி. என்ற டொரொன்டோ கம்பெனியைத் தடை செய்தது. எல்லை ஊரான பஃபலோவின் அமெரிக்க ஒளிபரப்பையும் டொரொன்டோ ஒளிபரப்பையும் இணையத்தில் ஓட்டிய கம்பெனி அது. கனடாவின் சட்டம் இதற்கு இடம் தருகிறது, நாங்கள் கனடாக்காரர்களுக்குத்தான் காட்டுகிறோம் என்பது அவர்கள் வாதம். அதற்கு அவர்கள் வைத்த காவல், பார்க்க வருகிறவன் தனது டெலிபோனின் மூன்று இலக்கப் பகுதி எண்ணைத் தட்ட வேண்டும் என்பது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் தட்டக்கூடிய எண் அது. இணைய டெலிவிஷனின் முதல் வேலி ஒரு நூல்வேலி.

அதே வருஷம் பாரிஸில் வேறொரு வழக்கு. நாஜி நினைவுப் பொருள்களின் ஏலத்தைப் பிரெஞ்சுக்காரர்களின் கண்ணில் படாமல் செய்ய முடியுமா என்று யாஹூ மீதான வழக்கில் நீதிபதி நிபுணர்களைக் கேட்டார். பிரான்ஸில் இருப்பவர்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தினரை அவர்களது இணைப்பின் முகவரி எண்ணைக் கொண்டே அடையாளம் காணலாம் என்று பதில் வந்தது. இது பெரிய விஷயம். இணைய முகவரி எண்ணுக்கு இயல்பாகத் தேசம் கிடையாது. ஆனால் அந்த எண்கள் பிராந்தியப் பதிவகங்கள் மூலம் மொத்தமாக வழங்கப்படுகின்றன. எந்தத் தொகுதி எந்த நாட்டு இணைப்புக் கம்பெனிக்குப் போயிற்று என்று பட்டியல் போட்டுவிட்டால், வருகிறவன் எங்கிருந்து வருகிறான் என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம். வெறுப்பின் சின்னங்களைத் தடுக்கப் பரிசீலிக்கப்பட்ட இந்த உத்தி, படங்களைப் பங்குபோடுவதற்கு வாகாக வந்து வாய்த்தது. 2007 கடைசியில் தொடங்கிய பி.பி.சி.யின் ஐபிளேயர் பிரிட்டனுக்குள் மட்டும். 2008ல் திறந்த ஹுலு அமெரிக்காவுக்குள் மட்டும்.

மறைவழி வைத்து முகவரியை மாற்றிக் காட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய ஸ்திதி லக்ஸம்பர்க் வானொலி கேட்டவனின் ஸ்திதி இல்லை. அலையை அனுப்பியவனுக்கு யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. படத்தை அனுப்புகிறவனுக்கோ ஒவ்வொரு பார்வையாளனும் தனித்தனியே தெரியும். மறைவழிகளின் முகவரிகளும் பட்டியலில் ஏறுகின்றன. சந்தா கட்டியவனிடம் கையில் எதுவும் மிஞ்சுவதும் இல்லை. கொடுக்கவோ விற்கவோ அவனிடம் பிரதி கிடையாது.

வேலியின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். 2011 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், போர்ட்ஸ்மத் நகரில் மதுக்கடை நடத்திய ஒரு பெண்ணின் வழக்கில், கிரீஸ் நாட்டுச் சந்தா அட்டையை வைத்து இங்கிலீஷ் கால்பந்தாட்டம் பார்ப்பதைத் தேசச் சட்டம் தடுக்கக்கூடாது என்றது. அப்போது அதிகம் கலங்கியவர்கள் பெரிய கம்பெனிகள் மட்டுமல்ல, ஐரோப்பாவின் சிறு தயாரிப்பாளர்களும்தான். ஒரு டேனிஷ் படமோ ருமேனியப் படமோ படப்பிடிப்புக்கு முன்பே பிரான்ஸுக்கு இவ்வளவு, ஜெர்மனிக்கு இவ்வளவு என்று விற்கப்படுகிறது. அந்தப் பணத்தில்தான் எடுக்கப்படுகிறது. சுவரை இடித்தால் உலக உரிமை முழுவதையும் ஒரே வீச்சில் வாங்கக்கூடியவனிடம்தான் போய் நிற்க வேண்டிவரும். அப்படிப்பட்டவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். இந்த வாதம் வென்றது. 2018 ஏப்ரலிலிருந்து ஐரோப்பியச் சந்தாதாரன் பயணம் போகும்போது தன் சந்தாவைத் தன்னோடு எடுத்துப்போகலாம் என்றாயிற்று. ஆனால் அதே வருஷம் டிசம்பரில் அமலுக்கு வந்த, நாடு பார்த்து வாடிக்கையாளரைத் தடுப்பதற்கு எதிரான சட்டத்திலிருந்து, சினிமாவும் டெலிவிஷனும் விலக்கப்பட்டன. சட்டை வாங்குபவனை எல்லையில் தடுக்கக்கூடாது. படம் பார்ப்பவனைத் தடுக்கலாம்.

இந்த வாதத்தை நான் மறுக்கவில்லை. நல்ல படம் எடுக்கப்பட வேண்டும் என்பது பார்க்கப்பட வேண்டும் என்பதற்கு முந்திய விஷயம். ஆனால் வாதம் ஒன்றை மறைக்கிறது. பிரான்ஸின் சுவருக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சு விநியோகஸ்தர் இருக்கிறார், பணம் போட்டிருக்கிறார், அவரைக் காப்பாற்றச் சுவர் நிற்கிறது. அந்த ருமேனியப் படத்துக்கு இந்தியாவில் பெரும்பாலும் யாருமில்லை. இலங்கையில் இல்லை, கென்யாவில் இல்லை. யாரும் வாங்காத, யாரும் விற்காத பிரதேசத்திலும் சுவர் அதே உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. யாருக்கும் நஷ்டம் வராமல் பார்க்கக்கூடிய ஒருவனை அது தடுக்கிறது. வெள்ளாமை இல்லாத வயலுக்குக் காவல்.

நமது சினிமாப் பிரக்ஞை உருவானதே இம்மாதிரிப் பிரதேசத்தில்தான். 1959ல் அமைந்த கூட்டமைப்பின் கீழ் இயங்கிய ஃபிலிம் சொஸைட்டிகளுக்கு வெளிநாட்டுப் படங்கள் தூதரகங்களிலிருந்தும் புனே ஆவணக் காப்பகத்திலிருந்தும் வந்தன. வியாபாரம் எட்டிப்பார்க்காத இடத்தில் ஓர் இடுக்கு இருந்தது. ஐம்பது பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த ஐம்பது பேரில் சிலர் எழுதினார்கள். சிலர் படம் எடுத்தார்கள்.

விற்காத இடத்தில் உரிமை தளர வேண்டும் என்பது விசித்திரமான கோரிக்கையும் இல்லை. சட்டம் அதை ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. 1967ல் ஸ்டாக்ஹோமில் இந்தியா உள்ளிட்ட புதிய தேசங்கள் வாதாடியதன் பலனாக, 1971ல் பாரிஸில் திருத்தப்பட்ட பெர்ன் உடன்படிக்கையோடு ஒரு பிற்சேர்க்கை வந்தது. ஒரு நூலின் மொழிபெயர்ப்பு குறிப்பிட்ட வருஷங்களுக்குள் ஒரு நாட்டின் மொழியில் கிடைக்காமற்போனால், ஆசிரியருக்கு நியாயமான தொகை கொடுத்து, அவர் சம்மதமின்றியே கல்வித் தேவைக்காக மொழிபெயர்க்க அந்நாட்டு அரசு அனுமதி தரலாம். நமது சட்டத்திலும் 1983ல் இதற்கான பிரிவுகள் விரிவாக்கப்பட்டன. நிபந்தனைகளின் சிக்கலால் அதை உபயோகித்தவர்கள் மிகக் குறைவு என்பது வேறு விஷயம். ஆனால் தத்துவம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது: கொடுக்கவும் மாட்டேன், எடுக்கவும் விடமாட்டேன் என்று சொல்ல உரிமைக்காரனுக்கு முடிவற்ற காலம் கிடையாது.

படத்துக்கும் இதைக் கேட்பதில் தவறில்லை. வெளியாகி இத்தனை வருஷத்துக்குள் ஒரு நாட்டில் வாங்க ஆளில்லை என்றால், அந்த நாட்டவன் அடுத்த நாட்டுச் சேவைக்குச் சந்தா கட்டிப் பார்க்கட்டும். பணம் தயாரிப்பாளனுக்கே போகட்டும். முகவரியைக் கண்டுபிடித்துத் தடுக்கத் தெரிந்த அதே யந்திரத்துக்கு, முகவரியைக் கண்டுபிடித்து அனுமதிக்கவும் தெரியும். கசிவை அடைத்துவிட்டீர்கள், சரி. இனி வாசல் எங்கே என்று கேட்கவேண்டிய முறை நம்முடையது.